பீலிக்கு மேலே இரண்டு பூட்டு

அக்கா,

இன்று காலை, மலை ஊற்று கொட்டும் நம் பீலியில் முகம் கழுவக் குனிந்தேன். கையில் அள்ளிய தண்ணீர் பழக்கத்தில் முதலில் மூக்கருகேதான் போனது. ஒரு மணமும் இல்லை. வெறும் குளிர்ச்சி. குடத்தோடு பின்னால் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

“தலைவி போயும் மொதலாளிய விடல பாரு” என்றாள் ஒருத்தி.

உண்மைதான் அக்கா, நீங்கள் இன்னும் என்னை விடவில்லை.

ஹாலிஎலைக்கு மேலே மூடிக்கிடந்த பழைய லொறி கராஜை வாங்கி, மரக்கறி மொத்தக் கடை போட வந்தவன் நான். இடம் சல்லிசாகக் கிடைத்தது என்று குஷியாக இருந்தேன். ஏன் சல்லிசு என்பது, தோட்டத்து லய வீடுகளில் இருக்கும் பெண்களைக் கூட்டிக்கொண்டு வெறும் கேன்களோடு நீங்கள் என் கேட்டை மறித்த அன்றுதான் புரிந்தது. பழைய கராஜ்காரர் புதைத்து வைத்திருந்த பெற்றோல் தாங்கி எப்போதோ ஓட்டையாகி, கசிவு மண்ணோடு மண்ணாகச் சரிவில் இறங்கி, கீழேயிருந்த உங்கள் பீலி வரை வந்துவிட்டது.

“இது நான் செஞ்ச வேல இல்லக்கா” என்றேன்.

“யாரு செஞ்சா எங்களுக்கென்ன? எடம் ஒங்க பேர்லதான இருக்கு? அப்ப பெற்றோலும் ஒங்களோடதுதான். இந்தாங்க, மோந்து பாருங்க.”

முகர்ந்தேன். வியாபாரிக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. இந்த வாடை இருக்கும்வரை என் கடையில் ஒரு கரட்கூட விலைபோகாது. உங்களுக்கு அதைவிடப் பெரிய காரியம் இருந்தது. ஆடித் திருவிழாவுக்குக் கரகம் ஜோடிப்பது காலங்காலமாக அந்தப் பீலிக்கரையில்தான். பீலியை மூடியதும் கரகம் தூரத்து ஓடைக்குப் போயிற்று. “எங்க அம்மன எடம் மாத்திட்டீங்க. திரும்பக் கொண்டாந்து வைக்கிற வரைக்கும் ஒங்கள விடமாட்டேன்” என்றீர்கள்.

தாங்கியைத் தோண்டி எடுத்தோம். ஊறிப்போன மண்ணை அள்ளி அகற்றினோம். மிச்ச வாடையை விரட்ட, மண்ணுக்குள் காற்று ஊதும் இயந்திரம் வைத்தோம். சரிவில் குழாய்க் கிணறுகள் இறக்கினோம். அவற்றில் தண்ணீர் எடுத்துப் பரிசோதிக்கக் கொழும்பிலிருந்து ஒரு மிஸ் வருவார். பீலிக்கு நேர் மேலே இருந்த குழாயில்தான் எல்லோருக்கும் கண்.

முதல் பரிசோதனை நாளை மறக்க முடியுமா? மிஸ் வருவதற்குள் நீங்கள் பூசையே ஆரம்பித்துவிட்டீர்கள். குழாய்க்குப் பொட்டு, பூமாலை; உள்ளே ஒரு செம்பு மஞ்சள் தண்ணீர். தட்டில் கற்பூரத்தை வைத்து நெருப்புப் பெட்டியைத் தேடும்போதுதான் மிஸ் வேனிலிருந்து குதித்து ஓடிவந்தார். “ஐயோ, தீ வேண்டாம்! பெற்றோல்! பெற்றோல்!”

தட்டை முந்தானைக்குள் மறைத்தது நீங்கள்தான். “நல்லவேள. சாமிக்குச் சூடம் காட்டப் போயி லயத்துக்கே காட்டியிருப்போம்.” பிறகு அந்த மஞ்சள் தண்ணீர் முழுதும் வெளியேறும்வரை நீங்களே கயிறு பிடித்து இறைத்தீர்கள். மிஸ்ஸுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அன்றுதான் அந்தக் குழாய் மூடிக்கு இரண்டு பூட்டுப் போட்டோம். ஒரு சாவி எனக்கு, ஒரு சாவி உங்களுக்கு. இரவோடிரவாக நான் நல்ல தண்ணீரை ஊற்றி வைப்பேன் என்று உங்களுக்குச் சந்தேகம். உங்கள் பூசையை நினைத்து எனக்குப் பயம். இரண்டு பேரும் வந்தால்தான் திறக்கும். நான் செய்த ஒப்பந்தங்களில் இதுதான் சுத்தமானது.

அடுத்த ஆடிக்கு முன்னால், மழையில்லாத காற்றுக் காலத்தில், தண்ணீர் சுத்தம் என்று பதில் வந்தது. லயமே ஆடியது. கரகம் பீலிக்கே என்று கோயில் கமிட்டியும் முடிவெடுத்தது. மிஸ் மட்டும் தலையாட்டவில்லை. இப்போது நிலத்தடி நீர் கீழே போயிருக்கிறது. மேல்மண்ணில் ஒட்டியிருப்பது மழையில் நீர் ஏறும்போது மறுபடி கரையலாம். மழை முடியும்வரை பொறுங்கள் என்றார். யாரும் கேட்பதாக இல்லை.

நீங்கள் எழுந்தீர்கள். அந்தக் கரகத்துக்காக எல்லோரையும்விட அதிகமாக ஏங்கியவர் நீங்கள்.

“இந்த வருசமும் ஓடைக்கே போவோம்” என்றீர்கள்.

“மொதலாளி கடையில தேத்தண்ணி குடிச்சுக் குடிச்சு அவரு பக்கம் சாஞ்சிட்டியா?” என்று ஒருவர் கத்தினார்.

“ஆமா, குடிச்சேன். அதனால சொல்றேன். அவரு கடையத் தொறக்க அவசரப்படுறாரு, நீங்க பீலியத் தொறக்க அவசரப்படுறீங்க. ரெண்டு பேரும் ஒதுங்குங்க. சாவி என் இடுப்புல இருக்கு. மழ வரட்டும்.”

என் கடையும் சேர்ந்து தள்ளிப்போனது. அன்று எனக்குக் கோபம்தான்.

ஐப்பசியில் மழை கொட்டியது. குழாயைத் திறந்தோம். மிஸ் பரிசோதிக்க வேண்டியிருக்கவில்லை. மூடியைத் தூக்கியதுமே பெற்றோல் வாடை முகத்தில் அடித்தது. பீலி திறந்திருந்தால் பிள்ளைகள் அந்தத் தண்ணீரைக் குடித்திருப்பார்கள். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். “எந்திரிங்க மொதலாளி. மிஷின மறுபடி போடுங்க. எங்க இருக்குன்னு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு” என்றீர்கள்.

போட்டேன். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, தை மாதத்தில் நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். உங்கள் சாவி உங்கள் மகளிடம் வந்தது.

அடுத்த மழைக்கும் குழாயைத் திறந்தோம். நீர் மேலேறி நின்றது. வாடை இல்லை. அதற்கடுத்த மழையிலும் இல்லை. கடைசி முடிவை மிஸ் போனில் சொன்னபோது, பண்டாரவளைச் சந்தையில் மூட்டைகளுக்கு நடுவே நின்று கத்தினேன். பக்கத்துக் கடைக்கார முஸ்லிம் நானா ஓடிவந்து, “என்ன, லொத்தர் சீட்டு விழுந்துச்சா?” என்றார். அதைவிடப் பெரிது என்றேன்.

இந்த ஆடியில் தப்பு மேளம் முழங்க, பெண்கள் குலவையிட, கரகம் நம் பீலிக்கரையிலேயே எழுந்தது அக்கா. உங்கள் மகள்தான் முதல் குடம் பிடித்தாள். கூட்டம் கரகத்தோடு கோயிலுக்கு ஏறியது. நாங்கள் இருவரும் பின்தங்கி, குழாயின் பூட்டுகளைக் கழற்றினோம். அவள் உங்கள் சாவியை என்னிடம் நீட்டி, “அம்மா இருந்தா ஒங்கக்கிட்ட குடுத்திருக்காதுங்க, நான் குடுக்குறேன்” என்றாள்.

அது என் கடைச் சாவிக்கொத்தில் இருக்கிறது. அதற்குப் பூட்டு கிடையாது. ஆனாலும் சரக்குக்காரன் யாராவது “எல்லாம் சரி மொதலாளி, ஒரு பிரச்சினையும் இல்ல” என்று அவசரப்படுத்தும்போது, கை தானாக அந்தச் சாவியைத் தடவுகிறது. வாய் உங்கள் குரலில் சொல்கிறது:

“மழ வரட்டும்.”