மூக்கனின் முகத்து வெளிச்சம்

17.01.2001, வவுனியா

ஸ்டூடியோ முதலாளி சிற்றம்பலம் கொழும்பிலிருந்து கொம்பியூட்டர் இறக்கிவிட்டார். இனி இருட்டறையில் சாமான் வைப்பாராம். "விமலேஸ்வரி, இனி படம் கழுவுற மருந்துத் தண்ணிக்குள்ள கை வைக்கத் தேவையில்லை. கதிரையில இருந்து வேலை செய்யலாம்" என்றார். பெரிய உபகாரம்! கழுத்து இப்போதே நோகிறது. காலையில் ஆமி கொடுக்கிற பாஸுக்குப் படமெடுக்க வந்த சனம் வாசல்வரை. மத்தியானம் கரண்ட் போய்விட்டது.

19.01

கொம்பியூட்டருக்குள் எங்கள் வேலைக்கும் இரண்டு பொத்தான் இருக்கிறது. ஒன்றில் கம்பியில் குத்திய வட்டம், மற்றதில் பொத்திய கை. பார்த்ததும் சிரிப்பு வந்தது. இடம்பெயர முன் கிளிநொச்சி ஸ்டூடியோவிலும் பிறகு இங்கேயும் இவ்வளவு காலமும் நான் பிடித்த அதே கம்பி, அதே கை. படக் கடதாசியில் வெளிச்சம் விழும்போது கம்பி வட்டத்தால் முகத்தை மறைத்தால் முகம் வெளுக்கும். கையைப் பொத்தி, இடைவெளியால் மூலைகளுக்கு இன்னும் வெளிச்சம் விட்டால் மூலை கறுக்கும். எந்தப் பாவி இதைப் பார்த்துவிட்டுப் போய் உள்ளே வைத்தான்?

ஆனால் சரிவரவில்லை. முகமெல்லாம் தேமல் மாதிரித் திட்டுத் திட்டாய் வருகிறது.

22.01

கரண்ட் இல்லை. நித்திரையும் இல்லை.

23.01

அகதி முகாமிலிருந்து பேச்சியம்மா என்று ஒரு பெண் வந்தார். மலையகத்து ஆட்கள், முன்பு வட்டக்கச்சியில் வயல் வேலை செய்தவர்கள். கார்த்திகையில் சைக்கிளில் காட்டுக்கு விறகு வெட்டப் போன புருசன் மூக்கன் இன்னும் திரும்பவில்லை. இருக்கிற ஒரே படம் யாருடையதோ கலியாண வீட்டில் எடுத்தது. மாமர நிழலில் ஆட்களுக்கு நடுவே நிற்கிறார். முகம் பாதி இருட்டு.

"மொகம் தெரியிற மாதிரிப் பெருசாக்கித் தாங்கக்கா. ஆசுபத்திரி, செஞ்சிலுவை, எல்லா எடத்துலயும் காட்டிக் கேக்கணும்."

செய்து தாறன் என்றுவிட்டேன். ஏன் சொன்னேன்? எனக்கே இன்னும் பிடிபடாத வேலை.

25.01

பிடிபட்டுவிட்டது! இருட்டறையில் கம்பியை ஒரு கணமும் சும்மா வைத்திருக்கமாட்டோம், ஆட்டிக்கொண்டே இருப்போம். இல்லாவிட்டால் ஓரம் தெரியும். இங்கே நான் மவுசை ஒரே இடத்தில் அமத்திக்கொண்டு இருந்திருக்கிறேன், மடச்சி. பொத்தானின் பலத்தை நன்றாகக் குறைத்து, திரும்பத் திரும்பத் தடவ, நிழலுக்குள்ளிருந்து கண் வந்தது. பிறகு கன்னத்தில் ஒரு தழும்பு. மிச்சத்தைக் கை தன்பாட்டில் செய்தது: முகத்தை இன்னும் வெளுப்பாக்கி, பக்கத்து ஆட்களை மறைத்து, நாலு மூலையையும் இருட்டாக்கி.

"அசல் இருட்டறைப் படம்தான்" என்றார் முதலாளி. எனக்கும் சந்தோசப் புளுகம்.

27.01

பேச்சியம்மா படத்தைக் கையில் வாங்கவில்லை.

"இது செத்தவங்க படம்க்கா."

எனக்கு விளங்கவில்லை.

"சுத்திவரக் கறுப்பு, நடுவுல மொகம் மட்டும் வெள்ளையா. முகாம்ல வீட்டுக்கு வீடு இப்பிடித்தானே மாலை போட்டுத் தொங்குது? இதக் காட்டி, இவரு உசிரோட இருக்காரான்னு யாருகிட்டக் கேப்பேன்?"

கடவுளே. உண்மைதானே. இத்தனை வருசமாய் என்னிடம் பெரிதாக்க வந்த பழைய படமெல்லாம் செத்தவர்களின் முப்பத்தோராம் நாள் சடங்குக்குத்தான் வந்தவை. என்ரை கைக்கு வேறை படம் தெரியாது. அந்த மனுசி நின்று விம்மினா. வெட்கத்தில் கிழிக்க எடுத்தேன். "ஐயோ, ஆளு படத்தக் கிழிக்காதீங்க!" என்று கத்தினா. மேசை லாச்சிக்குள் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

30.01

திரும்ப முதலிலிருந்து செய்தேன். மூலைகளைத் தொடவில்லை. மாமரம் இருக்கட்டும், இலைகளுக்குள்ளால் விழுந்த வெயில் இருக்கட்டும், பக்கத்தில் நின்றவரின் தோளும் இருக்கட்டும். முகத்தின் நிழலை மட்டும், ஆள் தெரியுமளவுக்குக் குறைத்தேன்.

பேச்சியம்மா கனநேரம் பார்த்தார். "இப்பத்தான் இவரு" என்று சிரித்தார். அப்பாடா.

14.02

பேச்சியம்மாவைச் சந்தைப் பக்கம் கண்டேன். படம் பொலித்தீன் உறைக்குள், கையில். ஒவ்வொரு ஆளாய் மறித்துக் காட்டுகிறார்.

03.03

இருட்டறைக்குள் பழைய கதிரைகளை அடுக்கியாயிற்று. கதவு சாத்த முடியவில்லை. அலுப்பு.

21.03

பேச்சியம்மா வந்தார். நெற்றியில் பொட்டு இல்லை. காட்டுக்குள் சைக்கிள் கிடந்ததாம். கொஞ்சம் தள்ளி ஆளும்.

"அந்த மொதப் படம் இருக்காக்கா?"

லாச்சியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"மொகம் இவ்வளவு வெள்ளை வேணாம். அவரு கறுப்புத்தான். மொகம் ரெண்டாவதுல இருக்கிற மாதிரியே இருக்கட்டும். சுத்திவர மட்டும்..."

கதிரையொன்றை இழுத்துப் பேச்சியம்மாவைப் பக்கத்தில் இருத்தினேன். இரண்டாவது படத்தைத் திறந்து, பொத்திய கை உள்ள பொத்தானை அமத்தினேன். முதலில் மாமரம் போனது. பிறகு வெயில். பிறகு பக்கத்தில் நின்றவரின் தோள். கறுப்பு முகத்துக்குக் கிட்டப் போனபோது பேச்சியம்மா என் கையைப் பிடித்தார்.

"போதுங்கக்கா."

அவா சொன்ன இடத்தில் நிறுத்தினேன்.