பன்னிரண்டாவது நிரல்

2008 யூன் 8, ஞாயிறு, மாலை 4.40

துஷ்யாவுக்கு மருத்துவம் படிக்கக் கிடைத்த இடங்கள்: இரண்டு. ஒன்று போலந்தில், கிராக்கோவ். மற்றது ஹங்கேரியில், செகெட். நோர்வேயில் அவளுடைய புள்ளிகள் காணாது. 20ஆம் திகதிக்குள் ஒன்றுக்கு ஓம் சொல்லவேண்டும்.

வீட்டில் மூன்று கிழமையாக இதே கதை. எனக்குப் பொறுமை இல்லை. அட்டவணை போட்டேன். பதினொரு நிரல்கள்: கட்டணம், வாடகை, விமானம், நோர்வே மாணவர் தொகை, இத்தியாதி. ஒன்பதில் கிராக்கோவ் வெல்கிறது. விஷயம் முடிந்தது என்று அச்சடித்து வெஸ்ட்லிக்கு, அம்மா அப்பா வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

துஷ்யா ஒருதரம் மேலிருந்து கீழே பார்த்தாள்.

"வடிவா இருக்கு அண்ணா. நான் செகெட்."

"ஏன்?"

"இதிலை ஒரு நிரல் இல்லை."

"எது?"

"நீதானே எஞ்சினியர். கண்டுபிடியன்."

கோபத்தோடு ரயிலேறினேன். வீடு வந்து சேரக் கோபம் போய்விட்டது. கேள்வி போகவில்லை. எது?

யூன் 9

சாப்பாடா? குளிரா? போலிஷ் உச்சரிப்பா? ஹங்கேரிய மொழி அதைவிட மோசம். பெடியன் யாராவது? கேட்டுக் குறுஞ்செய்தி அனுப்பினேன். பதில்: "விசர்."

யூன் 10, செவ்வாய்

சாருகாவைப் பிடித்தேன். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த சயூரனின் தங்கை. போலந்தில் மூன்றாம் வருடம் மருத்துவம். கோடை விடுமுறைக்கு வந்து கடையொன்றில் வேலை செய்கிறாள். இடைவேளையில் வெளியே வந்தாள்.

ஊர் நல்லம், பேராசிரியர்கள் கெட்டிக்காரர், ஆக்கள் அன்பு என்றாள். பிறகு ஏன் என் தங்கை வேண்டாம் என்கிறாள்?

"அங்கை அபோர்ட் ஏலாது. அதுவாயிருக்கும்."

கருக்கலைப்பு. எனக்கு உண்மையாகவே ஓடவில்லை. "அதுக்கும் படிப்புக்கும் என்ன?"

"எங்கடை வகுப்பிலை ஒருத்தி, பேர் கேளாதை. ஈஸ்டருக்கு எண்டு சொல்லிப்போட்டு ஒரு கிழமை முந்தியே ஒஸ்லோவுக்கு வெளிக்கிட்டவள். செய்துபோட்டு வந்து உடற்கூற்றுச் சோதனை எழுதினவள். பக்கத்திலை இருந்தவளுக்கும் தெரியாது."

"நீயா?"

என்னை நன்றாகப் பார்த்தாள். "உனக்கு மூளையைக் குடுத்த கையோடை வாய்க்கு ஒரு பூட்டும் குடுத்திருக்கலாம்." உள்ளே போய்விட்டாள்.

கேட்டிருக்கக் கூடாது. ஆனால் பதில் கிடைத்துவிட்டது.

யூன் 11

பன்னிரண்டாவது நிரல்: சட்டம்.

வேலை முடிந்து வாசித்தது. நோர்வே: எழுபத்தெட்டில் வந்த சட்டம், பன்னிரண்டு வாரம் வரை முடிவு பெண்ணுடையது. ஹங்கேரி: பன்னிரண்டு வாரம் வரை, நெருக்கடி நிலை என்று அவள் எழுதிக்கொடுத்து, ஆலோசனைக்குப் போய்வந்தால் முடியும். போலந்து: தொண்ணூற்று மூன்றிலிருந்து மூன்று காரணங்கள் மட்டும். அவளுடைய உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து, கருவில் கடுமையான குறை, குற்றத்தால் உண்டான கரு.

துரொண்ட்ஹைமுக்குப் படிக்கப் போனபோது நான் பார்த்தவை: பாடத்திட்டம், வாடகை, பனிச்சறுக்கு. எந்த நாட்டுக்குப் போனாலும் என் உடம்புக்கு ஒரே சட்டம். அதனால்தான் அந்த நிரல் என் கண்ணில் படவில்லை.

எத்தனை பெண்பிள்ளைகள் இதைப் பார்த்து ஊர் தெரிவு செய்கிறார்கள்? புள்ளிவிபரம் தேடினேன். கிடைக்கவில்லை. யாரும் கேட்காவிட்டால் எப்படிக் கிடைக்கும்? ஏன் செகெட் என்று கேட்டால் "வெயில்" என்பார்கள்.

யூன் 13, வெள்ளி

சாப்பாட்டு மேசையில் அப்பா திரும்பவும் கிராக்கோவ். அவருடைய காரணம்: "சண்முகலிங்கத்தாற்றை ரெண்டு பிள்ளையளும் அங்கைதான். கட்டுப்பாடான நாடு."

நான் பொறுக்கமாட்டாமல் சொல்லிவிட்டேன். "அப்பா, அவள் போகமாட்டாள். அங்கை கருக்கலைப்புத் தடை. அதுதான் காரணம்."

துஷ்யாவின் கரண்டி நின்றது. அவள் யாருக்கும் சொல்லாததை நான் கறிக்கு உப்புக் கேட்பதுபோல் சொல்லியிருக்கிறேன்.

அப்பா: "என்ர பிள்ளைக்கு அப்பிடி ஒரு தேவை ஏன் வருது?"

துஷ்யா: "எனக்கு வந்தாலும் வரும், வராமலும் போகும். நாளைக்கு எனக்கு முன்னாலை ஒரு பொம்பிளை வந்து இருப்பா அப்பா. அவவுக்கு என்ன சொல்லலாம், என்ன செய்யலாம் எண்டு சட்டம் மறிக்காத இடத்திலை படிக்கவேணும்."

"படிச்சுப்போட்டு இஞ்சைதானே வரப்போறாய்?"

"ஆறு வருசம் அங்கை இருக்கப்போறது ஆர்? என்ர உடம்பும்தானே வருது."

அப்போதுதான் அம்மா பேசினார். இவ்வளவு நாளும் இந்த விஷயத்தில் ஒரு சொல் சொல்லாதவர்.

"எனக்கு ஒண்டு கலைஞ்சது. ஒண்டு கலைஞ்சது."

தட்டுகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். அதற்குப் பிறகு அப்பாவின் வாயில் கிராக்கோவ் என்ற சொல்லே வரவில்லை.

விளங்கவில்லை. முதலாவது எனக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடம் தொடங்கிய வருடம். பக்கத்து வீட்டுப் பூமணி அன்ரி உள்ளிபோட்ட ரசம் கொண்டுவந்தார். வெஸ்ட்லித் தமிழர் பாதிப்பேர் அப்பிளும் ஹோர்லிக்ஸும் கொண்டுவந்தார்கள். இரண்டாவது எப்போது? ஏன் ஒரே வசனத்தை இரண்டுதரம் சொன்னார்?

யூன் 14, சனி

துஷ்யா தொலைபேசியில் முதலில் நன்றாக ஏசினாள். எனக்கு வேண்டியதுதான். பிறகு கேட்டேன்: அம்மா ஏன் ஒன்றையே இரண்டுதரம்?

"நீ வடிவாக் கேக்கேல்லை. ஒண்டு கலைஞ்சது. ஒண்டு கலைச்சது."

ஒரு எழுத்து. தானாகப் போனது ஒன்று. அம்மா போகச் சொன்னது ஒன்று. நோர்வே மொழியில் இரண்டும் அபோர்ட்தான், முன்னால் ஒரு சொல் ஒட்டவேண்டும். என் காது அப்படியே பழகிவிட்டது. அம்மாவின் தமிழ் ஒரே எழுத்தில் பிரித்துச் சொல்லியிருக்கிறது. நான் பிழையாக எழுதி வைத்திருக்கிறேன். அழித்துத் திருத்தப் போவதில்லை. இருக்கட்டும்.

துஷ்யாவுக்குப் போன வருடமே தெரியுமாம். நடந்தது தொண்ணூற்றிரண்டில். அவளுக்கு மூன்று வயது, எனக்கு ஒன்பது. அப்பாதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாராம்.

அப்பாவா? "என்ர பிள்ளைக்கு ஏன்" என்று கேட்ட அதே அப்பாவா?

யூன் 15, ஞாயிறு

போனேன். அம்மா பால்கனியில் தக்காளிக் கன்றுகளைக் கட்டிக்கொண்டிருந்தார். சுற்றிவளைக்கத் தெரியாதே எனக்கு. ஏன் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"என்னாலை ஏலாமல் இருந்தது. ரெண்டு பிள்ளை, இரவு வேலை, ஊரிலை சண்டை. ஏலாது எண்டு சொன்னன். ஏன் ஏலாது எண்டு ஒருத்தரும் என்னை நிப்பாட்டிக் கேக்கேல்லை. நீதான் இப்ப கேக்கிறாய்."

அடுத்த கன்றுக்குப் போனார்.

அதைக் கட்டியபடி அவரே சொன்னார்: "ரெண்டுக்கும் நான் அழுதனான்டா. ஒண்டுக்குத்தான் ஆக்கள் பாக்க வந்தவை."

"செய்தது பிழை எண்டு நினைக்கிறீங்களோ?"

"இல்லை. பிழை எண்டால்தான் அழுகிறதோ? அந்தக் கயித்தை எடு."

கயிற்றை எடுத்துக் கொடுத்தேன்.

யூன் 17

சாருகா என் குறுஞ்செய்திக்குப் பதில் போடவில்லை. நியாயம்.

யூன் 19, வியாழன்

வெஸ்ட்லி. துஷ்யா கணினியில் செகெட்டுக்கு ஓம் சொல்லும் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு அப்பாவுக்காகக் காத்திருந்தாள். அவர் சம்மதம் சட்டப்படி தேவையில்லை, பதினெட்டு தாண்டிவிட்டது. ஆனாலும் காத்திருந்தாள்.

அப்பா சுரங்க ரயில் ஓட்டிவிட்டு வேலை உடுப்போடு வந்தார். சப்பாத்தைக் கழற்றினார். அம்மாவைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"புடாபெஸ்டிலை இறங்கி எவ்வளவு தூரம்?"

"ரயிலிலை ரெண்டரை மணித்தியாலம் அப்பா."

"நல்ல ரயிலோ?"

அவ்வளவுதான் கேட்டார். அவள் அழுத்தினாள். சண்முகலிங்கம் மாமாவுக்கு என்ன சொல்வது என்று நான் கேட்க, அப்பா சட்டையைக் கழற்றியபடி, "வெயில் எண்டு சொல்லு" என்றார்.

இனி நான் செய்யவேண்டியவை:

1. புடாபெஸ்டுக்கு விமானச் சீட்டு. மூன்று இல்லை, நான்கு. அப்பாவும் வாறாராம், ரயிலைப் பார்க்க.

2. அட்டவணையை அழிக்காமல், பன்னிரண்டாவது நிரலை முதலாவதாக்கி, அடுத்த வருடம் விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்க.

3. சாருகாவிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்க. வேறு ஒன்றும் கேட்காமல்.

4. ஞாயிறு அம்மாவைப் பார்க்கப் போக. ரசம் வைக்கத் தெரியாது. அப்பிளும் ஹோர்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போக. ஏன் என்று அவர் கேட்டால், இரண்டாவதுக்கு என்று சொல்ல.