தனியாக வந்த குடும்பம்

அனுப்புநர்:
திருமதி லில்லி தேவசகாயம்,
தொலைபேசி நிலைய மேற்பார்வையாளர் (ஓய்வு),
கதவு எண் 31, சர்ச் பின்தெரு,
ஏனாத்தூர் சாலை, காஞ்சிபுரம்.

பெறுநர்:
தனி அலுவலர் அவர்கள்,
பாலாற்றங்கரைப் பூங்கா மற்றும் மலர்த்தோட்ட நிர்வாகம்,
காஞ்சிபுரம்.

பொருள்: பூங்காவுக்குள் தனியாகச் சென்று தனியாகத் திரும்ப அனுமதி கோருதல் – வாயிற்காவலர் திரு. ராமராஜனுக்கு அளிக்கப்பட்ட குறிப்பாணையைத் திரும்பப் பெறக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்கு,

1. முதலில் ஒரு திருத்தம். நான் எந்தக் கல்யாணத்தையும் நிறுத்தவில்லை. தங்கள் நுழைவுச்சீட்டு அறையிலும், எதிரில் உள்ள இளநீர்க் கடையிலும், சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் எங்கள் ஆலய வாசலிலும் என்னை "பட்டெடுக்க வந்த கல்யாணத்தக் கலைச்ச அம்மா" என்று பேசிக்கொள்கிறார்கள். மேற்படி திருமணம், ஆனி மாதத்தில், குறித்த முகூர்த்தத்தில், வாலாஜாபாத்தில் நடைபெற்றது. நான் நேரில் சென்று மணமக்களை வாழ்த்தி, இரண்டாம் பந்தியில் சாப்பிட்டேன். நின்றுபோன கல்யாணத்தில் பந்தி போடுவதில்லை.

2. நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். மிகைப்படுத்தி எழுதினால் தாளைக் கிழித்துவிடுவார்கள். பின்னர் தொலைபேசி நிலையத்தில் பணியாற்றியதால் பிறர் சொன்னதைச் சொல் மாறாமல் நினைவில் வைக்கும் பழக்கமும் உண்டு. இம்மனுவில் மேற்கோளுக்குள் இருப்பவை அவரவர் பேசியபடியே தரப்படுகின்றன. கொச்சைக்கு நான் பொறுப்பல்ல.

3. என் கணவர் திரு. தேவசகாயம் காலமானபின், என்னைத் தனியாக விடக் கூடாது என்று எங்கள் தெரு முடிவு செய்துவிட்டது. காலையில் ஒருவர் இட்லி கொண்டுவந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பார். மதியம் ஒருவர் வந்து நான் தூங்குகிறேனா என்று எழுப்பிக் கேட்பார். மாலையில் இருவர் வந்து தொலைக்காட்சியைப் போட்டு, எனக்குத் துணையாக அவர்கள் பார்ப்பார்கள். இவர்கள் அனைவரும் நல்லவர்கள். ஆனால் என் கணவரை நினைத்துக்கொள்ள எனக்கு வீட்டில் நேரம் கிடைப்பதில்லை. தினமும் ஒரு மணி நேரம் யாரும் என்னிடம் எதுவும் கேட்காத இடம் ஒன்று தேவைப்பட்டது. ஆகவே தங்கள் பூங்காவைத் தேர்ந்தேன். என் கணவர் பூங்காக்களை விரும்பியவர் அல்லர் என்பதையும் உண்மை கருதிப் பதிவு செய்கிறேன்.

4. வாசலில் உள்ள தங்கள் அறிவிப்புப் பலகையில் கண்டவை பின்வருமாறு:
அ) தனி நபர்களுக்கு அனுமதி இல்லை.
ஆ) ஜோடிகளுக்கு அனுமதி இல்லை.
இ) குடும்பத்தினர் மட்டும் அனுமதிக்கப்படுவர்.
ஈ) ஒன்றாக உள்ளே வந்த குடும்பம் ஒன்றாகவே வெளியேற வேண்டும்.
பக்கத்துப் பலகை, ஆற்றில் ஆழம் அதிகம், நீந்தக் கூடாது என்கிறது. நான் பார்த்தவரை ஆற்றில் மணலும் ஆடுகளும் கிரிக்கெட் ஆடுவோரும்தான் இருந்தார்கள். அப்பலகை குறித்து எனக்குப் புகார் இல்லை. என்றாவது தண்ணீர் வரும்போது பயன்படும்.

5. முதல் நாள் வாயிற்காவலர் திரு. ராமராஜன் என்னைத் தடுத்தபோது, அரசு எனக்கு வழங்கியுள்ள குடும்ப அட்டையைக் காட்டினேன். அதில் குடும்ப உறுப்பினர்களின் எண்ணிக்கை ஒன்று என்று உள்ளது. அந்த ஒருவர் குடும்பத்துக்கு மாதந்தோறும் அரிசியும் சர்க்கரையும் தடையின்றிக் கிடைக்கின்றன. திரு. ராமராஜன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கூறியது: "கார்டு கரெக்டாதாம்மா இருக்குது. ஆனா குடும்பம்னா ரெண்டு பேராச்சும் வேணும்ல?" இரண்டு பேர் வந்தால் ஜோடி ஆகாதா என்று கேட்டேன். சிறிது யோசித்து, "அப்ப மூணு" என்றார். அரசு நிர்ணயித்த குடும்பத்தின் அளவு, தங்கள் வாசலில் ஒரே உரையாடலில் மும்மடங்கானது.

6. இவ்விதி காதலர்களைத் தடுப்பதற்காக என்று அறிகிறேன். அவர்களை அது தடுக்கவில்லை. வாசலில் சுண்டல் விற்கும் பொன்னி என்பவரின் கைக்குழந்தையை வாங்கிக்கொண்டு ஒரு ஜோடி குடும்பமாக உள்ளே போகிறது. அவர்கள் வெளியே வந்ததும் அடுத்த ஜோடி அதே குழந்தையை வாங்கிக்கொள்கிறது. ஒரு நாள் முற்பகலில் அக்குழந்தைக்கு மூன்று தகப்பன்மார் இருந்ததைக் கண்டேன். குழந்தை மகிழ்ச்சியாகவே இருந்தது. அரளிப் புதர்களுக்குப் பின்னால் ஒதுங்குவார்கள் என்று தாங்கள் அஞ்சியவர்கள் அனைவரும் உள்ளே இருக்க, நான் ஒருத்தி வெளியே நின்றேன்.

7. திரு. ராமராஜன் இரக்கமுள்ளவர். "வெயில்ல நிக்காதம்மா. ஒரு குடும்பம் வரட்டும், ஒன்ன சேத்து வுடறேன்" என்று நிழலில் நாற்காலி போட்டார். குடும்பம் வந்தது. "இந்தம்மாவும் உங்க கூடதான்" என்று சீட்டில் என்னையும் சேர்த்தார். இவ்வாறு நான் ஒரு நாள் அரிசி ஆலைக் குடும்பம் ஒன்றின் அத்தையாகவும், மறுநாள் தெலுங்கு மட்டுமே பேசிய குடும்பம் ஒன்றின் உறவாகவும் உள்ளே சென்றேன். ஆனால் விதி (ஈ)-ன்படி அவர்கள் புறப்படும்போது நானும் புறப்பட வேண்டும். அரிசி ஆலைக் குழந்தை வந்த உடனே வாந்தி எடுத்தது. நான் உட்காரும் முன்பே வெளியேற்றப்பட்டேன். தெலுங்குக் குடும்பம் பூப்பந்து ஆடியது. பூங்கா மூடும்வரை இருந்தேன். நான் எவ்வளவு நேரம் தனிமையில் இருக்கலாம் என்பதை அன்றன்றைக்கு யார் வீட்டுக் குழந்தைக்கு வயிறு சரியில்லை என்பதே தீர்மானித்தது.

8. இனி, பேசப்படும் அந்தப் புதன்கிழமை. சென்னையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேனிலும், வாலாஜாபாத்திலிருந்து பெண் வீட்டார் ஒரு வேனிலும் வந்து, தங்கள் பூங்கா வாசலில் சந்தித்துக்கொண்டார்கள். உள்ளே உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டு, பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் தொடங்குமுன் கடைக்குப் போய் முகூர்த்தப் பட்டு எடுப்பது அவர்கள் திட்டம். திரு. ராமராஜன் இரு வீட்டாரையும் என்னையும் ஒரே குடும்பமாக ஒரே சீட்டில் அனுப்பினார். நிச்சயம் முடிந்து சில வாரங்களே ஆனதால் இரு வீட்டாருக்கும் ஒருவரையொருவர் முழுவதும் தெரியாது. ஆகவே மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பெண்ணின் பெரியம்மா என்று நினைத்தார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளையின் பெரியம்மா என்று நினைத்தார்கள். இரு தரப்பும் போட்டி போட்டுக்கொண்டு எனக்குப் புளியோதரை வைத்தார்கள். நான் யார் என்று எவரும் கேட்கவில்லை. சம்பந்தி வீட்டுப் பெரியவரிடம் அப்படிக் கேட்பது மரியாதை இல்லையாம்.

9. மாப்பிள்ளையின் தாயார் திருமதி தையல்நாயகி அரக்கு நிறம் வேண்டும் என்றார். பெண்ணின் தந்தை திரு. வேணுகோபால் மாம்பழ நிறம் என்றார். இருவரும் விட்டுக்கொடுப்பது போலப் பேசி, விட்டுக்கொடுக்கவில்லை. பின்னர் இருவரும் என் பக்கம் திரும்பி, "நீங்களே சொல்லுங்கம்மா" என்றார்கள். வாயில் சோறு இருந்ததால் விழுங்கிவிட்டு, கட்டப்போகிற பெண்ணைக் கேளுங்கள் என்றேன். நான் அங்கு சொன்ன கருத்து இது ஒன்றுதான். மணப்பெண் காயத்ரி, யாராவது கேட்பதற்குக் காத்திருந்ததுபோல், "கிளிப்பச்ச" என்றாள். மாப்பிள்ளை வீட்டாரோ, பெண் வீட்டார் தங்கள் பெரியம்மாவை வைத்து நாடகம் ஆடுகிறார்கள் என்று எண்ணினார்கள். பெண் வீட்டாரோ, மாப்பிள்ளை வீட்டார் பெரியம்மா மூலம் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, பெண் நிறத்தைச் சொன்னதும் மனம் மாறுகிறார்கள் என்று எண்ணினார்கள். நான் கை கழுவிக்கொண்டு ஆற்றோரத்துப் பெஞ்சுக்குச் சென்று உட்கார்ந்தேன். கிட்டத்தட்ட அரை மணி நேரம் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அன்று நான் தங்கள் பூங்காவுக்கு வந்ததன் பயனை அடைந்தது அந்த அரை மணி நேரம் மட்டுமே.

10. நேரமாகிறது என்று அவர்கள் வாசலுக்கு விரைந்தபோது, திரு. ராமராஜன் விதி (ஈ)-ன்படி நிறுத்தினார். "ஒரு ஆளு கொறையுதே. பெரியம்மாவ வுட்டுட்டுப் போறீங்களே, இது நல்லாவா இருக்குது?" என்று கேட்டிருக்கிறார். அனைவரும் என் பெஞ்சுக்கு வந்தார்கள். அங்கு நடந்த பேச்சு:
திருமதி தையல்நாயகி: "உங்க வூட்டம்மாவ நீங்கதான் கூப்புடணும் சம்பந்தி. நாங்க கூப்புட்டா மரியாதயா இருக்காது."
திரு. வேணுகோபால்: "எங்க வூட்டம்மாவா? உங்க கூட வந்தவங்கன்னுதானே மொத எல போட்டோம்!"
இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்று, என் பெயர், முகவரி, வகித்த பதவி ஆகியவற்றைத் தெரிவித்தேன். அது அவர்களுக்குப் போதவில்லை. திருமதி தையல்நாயகி கூறியது: "கல்யாணத்துல வந்து சாப்புட்டுப் போறவங்கள பாத்திருக்கேன். பொடவ எடுக்கறதுக்கே வந்த ஆள இப்பதாம்மா பாக்குறேன்." வாழ்நாளில் அழைப்பில்லாத வீட்டில் தண்ணீர்கூடக் குடித்திராத எனக்கு அச்சொற்கள் எப்படி இருந்தன என்பதை விவரிப்பது இம்மனுவின் நோக்கமன்று.

11. அவர்களை உடனே போகவிடும்படி திரு. ராமராஜனைக் கேட்டேன். நானும் சேர்ந்து வெளியேறினால்தான் முடியும் என்றார். நானும் சேர்ந்து நடந்தேன். எனக்கு முழங்கால் வலி. என் வேகத்துக்கே இரு வீட்டாரும் வர வேண்டியதாயிற்று. வாசலை அடையும்போது ராகுகாலம் பிறந்துவிட்டது. ராகுகாலம் கழிந்து எடுக்கலாமே என்று திரு. வேணுகோபால் சொல்ல, தடங்கல் வந்த நாளில் பட்டெடுப்பதில்லை என்று திருமதி தையல்நாயகி வேனில் ஏறிவிட்டார். நின்றது அன்றைய கொள்முதல் மட்டுமே. அடுத்த வாரம் பட்டு எடுத்தார்கள். கிளிப்பச்சைதான். திருமண அழைப்பைக் காயத்ரியே என் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்து, "நீங்க ஒருத்தர்தான் என்னயக் கேக்கச் சொன்னீங்க. எந்தப் பக்கமா வேணா வாங்கம்மா" என்றாள். இரு பக்கமும் இல்லாமல் நடுவில் உட்கார்ந்தேன்.

12. இதன் பிறகு தங்கள் நிர்வாகம் எடுத்த நடவடிக்கைகள்: பலகையில் (உ) சேர்க்கப்பட்டு, பிறர் குடும்பத்துடன் வருவோருக்கும் அனுமதி இல்லை என்று எழுதப்பட்டுள்ளது. திரு. ராமராஜனுக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை தரப்பட்டுள்ளது. அவர் தம் ஓய்வு நேரத்தில் தாமே எனக்குத் துணையாக உள்ளே வருவதாகச் சொன்னார். அப்படி வந்தால் விதி (ஆ)-ன்படி நாங்கள் ஜோடியாகக் கருதப்படுவோம் என்று தங்கள் மேற்பார்வையாளர் தடுத்தார். எனக்கு வயது எழுபத்தாறு. திரு. ராமராஜனுக்குப் பேரன் இருக்கிறான். முதியோர் மன்றம் ஒன்றில் சேர்ந்தால் மன்றத்தோடு வரலாம் என்றும் மேற்பார்வையாளர் யோசனை கூறினார். மன்றத்தார் கைதட்டிச் சிரிக்கும் பயிற்சி செய்வதை வேலிக்கு வெளியிலிருந்து பார்த்தேன். நன்றியுடன் மறுத்துவிட்டேன்.

13. ஆகவே தங்களை வேண்டுவது:
விதிகளுக்கு உட்பட்டு இரக்கம் காட்டிய திரு. ராமராஜனின் குறிப்பாணையைத் திரும்பப் பெறவும்.
நான் யாருக்கும் அத்தையாகவோ பெரியம்மாவாகவோ இல்லாமல், லில்லி தேவசகாயமாகவே சீட்டு வாங்கி, ஆற்றோரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, விரும்பும்போது எழுந்து போக அனுமதிக்கவும். பெஞ்சை எனக்கென ஒதுக்க வேண்டியதில்லை. துணைக்கு ஆள் வேண்டாம். சக்கர நாற்காலி, குடிநீர், சலுகைக் கட்டணம் எதுவும் கோரவில்லை.

14. சென்ற வாரம் இதை நான் தங்கள் அலுவலகத்தில் நேரில் கேட்டேன். அதற்கான பதிலை, பெங்களூரில் இருக்கும் என் தம்பி மகன் அந்தோணிக்குத் தொலைபேசியில் தெரிவித்து, என்னை நன்கு பார்த்துக்கொள்ளும்படியும் அறிவுறுத்தியிருக்கிறார்கள். பதில் என்னவென்று அவனுக்கு நினைவில்லை. கேட்டவள் நான். அனுமதி உண்டு என்றாலும் இல்லை என்றாலும், பதிலை எழுத்து மூலமாக, என் பெயருக்கு, மேற்கண்ட முகவரிக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: காஞ்சிபுரம்
நாள்: 21.07.2025

(ஒப்பம்)
லில்லி தேவசகாயம்