ஒளித்துவைத்த சப்பாத்து

ஜூலை 14, செவ்வாய்.

உம்மாவுக்குக் காலில் வெடிப்பு, வாயில் வெடி. ஒரு நாளாவது உப்பளத்துக்குப் போகாமல் படுக்கட்டும் என்று அவருடைய றப்பர் சப்பாத்தை அரிசி வாளிக்குள் ஒளித்துவைத்தேன்.

"சண்டையில எங்கள வெரட்டினப்ப பத்து வயசில தம்பிய இடுப்பில வெச்சுக்கிட்டு மன்னாரில இருந்து வெறுங்காலோட வந்தவள்டி நான்!" என்று கத்திவிட்டு, காலில் சொப்பிங் பேக்கைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் எப்போதும் எல்லோரையும் சிரிக்கவைக்கும் எனக்கு இன்று ஒரு பகிடியும் வரவில்லை.

பின்னேரம் நொண்டிக்கொண்டு வந்தார். அழுதுகொண்டே சப்பாத்தை நீட்டினேன்.

"உள்ள வை புள்ள. பை கிழிஞ்சு புண்ணில உப்பு ஏறிட்டு. மூணு நாள் லீவு சொல்லிட்டு வந்திட்டன்."

"நீங்களா உம்மா?"

"ஓம். இவ்வளவு வருசத்தில மொத லீவு. ஒன்ட குறும்பு பலிச்சிட்டு, போ!"

இப்போது குறட்டை விடுகிறார். விடிந்தாலும் எழுப்ப மாட்டேன். தேத்தண்ணி நான்தான் ஊற்ற வேண்டும். நாளைக்கு மட்டும் வழக்கம்போலக் குறும்புக்கு உப்பைப் போடாமல் சீனிதான் போடுவேன், சத்தியமாக.