முகம் தெரியாத காட்சிகள்

போடிநாயக்கனூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்புத் தம்பி இனியவனுக்கு,

அக்கா கலையரசி எழுதுகிறேன். அம்மாவும் நானும் நலம். அப்பாவைப் பற்றி அப்படி ஒரே வார்த்தையில் எழுத முடியவில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதம். என் போனிலிருந்து கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. மாமா போனிலிருந்து கூப்பிட்டேன், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். உங்கள் ரசிகர் வாட்ஸப் குழுவில் யாரையாவது பிடித்துச் சொல்லலாம் என்றால், அதில் எது வந்தாலும் முதல் ஆளாக வாசிக்கச் சொல்லிக் கேட்பவர் அப்பா. அதனால் உன் ஆபீஸ் விலாசத்துக்கு ஸ்பீடு போஸ்ட். ஐதராபாத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள் போய்விடும் என்று தபால் ஆபீசில் சொன்னார்கள். போய்ச் சேர வேண்டும்.

நடிகர் வீரபத்திரன் இறந்து ஒரு வருஷம் ஆவதற்கு, அவருடைய பழைய படத்தை ரசிகர்களே ஊருக்கு ஒரு காட்சியாக மறுபடி நடித்து எடுத்து அனுப்புகிறார்கள், நீதான் எல்லாவற்றையும் வெட்டி ஒட்டுகிறாய் என்பது எனக்குத் தெரியும். போடியிலிருந்து சோலைமலை என்று ஒருவர் அனுப்பினார் அல்லவா? ஏலக்காயைத் தட்டில் பரப்பிப் பழுது பொறுக்கும் காட்சி, கைகள் மட்டும் தெரியும். அது நம் அப்பா. சோலைமலை என்பது எதிர்வீட்டுக்காரர் பெயர், அந்த மனிதருக்கே இது தெரியாது. எடிட் பண்ணுவது நீ என்று தெரிந்துதான் புது சிம் வாங்கி, அந்தப் பெயரைப் போட்டு, நான் வேலை பார்க்கும் ஏலக்காய்க் கிட்டங்கிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நடித்தார். போனைப் பிடித்தது நான். அந்தக் கை உனக்கு அடையாளம் தெரியவில்லையா? உன் முதுகில் எத்தனை தடவை விழுந்த கை.

ஆமாம், பேங்க் வேலையை விட்டுவிட்டு எடிட்டிங் படிக்கப் போகிறேன் என்று நீ சொன்னதற்கு, பெரியப்பா வீட்டுக் காதுகுத்தில் அத்தனை பேர் முன்னால் உன்னைக் கூத்தாடி என்று சொன்ன அதே அப்பாதான். இனி என் வாசல் ஏறாதே என்றவரும் அவர்தான். அவர் பேசியது தப்பு. பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த நான் வாயைத் திறக்காததும் தப்பு. மூன்று வருஷமாக அந்தக் கோபம் என் மேலும் உனக்கு இருக்கிறது, இருக்கட்டும். அதை நேரில் வந்து தீர்த்துக்கொள்.

அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, ஐயா, உங்கள் கையே நடித்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். அப்பாவுக்கு எழுத்துத் தெரியவில்லை, போனை என்னிடம் நீட்டினார். வாசித்தேன். “இன்னொருக்கா வாசி ஆத்தா. வெரசா வாசிக்காதே” என்றார். நாலு தடவை வாசித்தேன். சாப்பிடும்போது அம்மாவிடம், ஐதராபாத்தில் ஒரு பெரிய எடிட்டர் நம்மைப் பாராட்டியிருக்கிறார் என்று மட்டும் சொன்னார். அம்மா, யாரு எவரு என்று தெரியாமல், நல்லா இருக்கட்டும் என்றது.

எழுத்துத் தெரியவில்லை என்று சொன்னேனே, அதைத்தான் நீ கவனிக்க வேண்டும். சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது. வலது பக்கம் முழுக்கப் புகைமூட்டமாக இருக்கிறது என்கிறார். இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று தேனியில் டாக்டர் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. உனக்கு இது தெரியாது, சோலைமலை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். அவரிடம் நீ ஜீப்புக் காட்சியைக் கேட்டிருக்கிறாய். பிரேக் அறுந்த ஜீப்பில் வீரபத்திரன் குரங்கணி மலையிலிருந்து இறங்கி வருவாரே, அது. தூரத்திலிருந்து எடுத்தால் போதும், முகம் தெரிய வேண்டாம், ஒரே ஷாட்டாக வந்தால் நன்றாக இருக்கும் ஐயா என்று எழுதினாய். முகம் தெரிய வேண்டாம் என்றதும் அவர் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. மறு நிமிஷமே சரி என்று பதில் போடச் சொன்னார். போட்டது நான், அவர் பக்கத்தில் இல்லாமல் அந்தப் போனை என்னிடம் தருவதில்லை. அந்தப் பாவம் என் தலையில் இருக்கிறது.

முப்பது வருஷம் எஸ்டேட் ஜீப்பு ஓட்டியவர், கண்ணைக் கட்டினாலும் இறக்குவேன் என்கிறார். எப்படி என்று கேட்டால் வளைவை எண்ணித்தானாம். மேலேயிருந்து பத்து வளைவு, அதற்கப்புறம் நேர் ரோடு, அங்கே பிரேக்கை விட்டு வண்டியை ஓட விட்டுவிடலாம். மலை டிரைவர்கள் எல்லோரும் பனிமூட்டத்தில் அப்படித்தான் எண்ணி இறங்குவார்கள், தெரியும். ஆனால் போன மழைக்கு ஏழாவது வளைவுக்குக் கீழே மண் சரிந்து, சுற்றி ஒரு புது வளைவு வெட்டியிருக்கிறார்கள். அதில் அவரே பயணியாகப் போய் வந்திருக்கிறார். ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால் மட்டும் மனசு பழைய கணக்கிலேயே ஓடுகிறது.

போன வியாழக்கிழமை ஒத்திகை பார்க்கிறேன் என்று, வாடகை ஜீப்பு ஓட்டும் நம் ஒச்சப்பன் அண்ணனையும் அவர் வண்டியையும் கூட்டிக்கொண்டு அப்பா போனார். பத்து எண்ணி முடித்து நேர் ரோடு என்று நினைத்துப் பிரேக்கிலிருந்து காலை எடுத்திருக்கிறார். முன்னால் இன்னொரு வளைவு. ஒச்சப்பன் அண்ணன் தாவி ஸ்டியரிங்கை ஒடித்து, ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார். முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில் நின்றதாம். அப்பா வீட்டுக்கு வந்து, முள்ளுக்கம்பி கிழித்துவிட்டது என்று முழங்கைக்கு மருந்து போட்டுக்கொண்டார். அம்மா அதை நம்பிவிட்டது. எனக்கு ஒச்சப்பன் அண்ணன் மறுநாள் கிட்டங்கி வாசலில் வந்து சொன்னார்.

அவர் இனி வண்டி தரமாட்டேன் என்றுவிட்டார். அப்பா சும்மா இருப்பாரா? தேவாரம் ஊரில் தவசி என்று ஒருவரைப் பிடித்து வேறு ஜீப்பு பேசிவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன்னால் எடுக்கிறார்களாம். பக்கத்தில் யாரும் உட்காரக்கூடாதாம், படத்தில் வீரபத்திரன் தனியாகத்தான் வந்தாராம். நான் அழுது பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். முடியவில்லை என்று எழுதிவிடலாம் அப்பா என்றதற்கு, “அவன் என்னைய நம்பி ஒரு சோலி குடுத்திருக்கான். மாட்டேன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல?” என்றார்.

தம்பி, இதைப் படித்ததும் உனக்குக் கோபம் வரும். ஏமாற்றிவிட்டார் என்று அவரைக் குழுவிலிருந்து தூக்கிவிடாதே. அந்தக் கைக் காட்சியையும் எடுத்துவிடாதே. ஜீப்புக் காட்சி வேண்டாம் ஐயா என்று எடிட்டராக எழுதினாலும் பிரயோஜனம் இல்லை, எடுத்து அனுப்பி உன்னை அசத்தலாம் என்றுதான் நினைப்பார். நீ அவரிடம் மகனாகப் பேச வேண்டும். மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை, அவரை மன்னிக்கவும் சொல்லவில்லை. திட்டுவதற்காகவாவது கூப்பிடு. ஏம்ப்பா உங்களுக்கு அறிவில்லையா என்று கேள். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் சாவியைக் கீழே வைத்துவிடுவார், எனக்குத் தெரியும்.

நேரத்துக்குச் சாப்பிடு. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. நீயும் அவர் பிள்ளைதான், உனக்கும் சர்க்கரை பார்த்துக்கொள்வது நல்லது. எங்கே இருந்தாலும் சுருளி வேலப்பர் உன்னைக் காப்பாற்றட்டும்.

தபால் தாமதமாகி, ஞாயிற்றுக்கிழமை தாண்டி இது உன் கைக்கு வந்தாலும், இனி என்ன என்று இருந்துவிடாதே. உடனே அப்பா நம்பருக்குக் கூப்பிடு. அந்தப் பக்கம் யார் எடுத்தாலும் வைத்துவிடாமல் பேசு.

உன் வரவை எதிர்பார்க்கும் அக்கா,
கலையரசி