விளம்பர இடைவெளியில் உங்கள் அப்பா

அன்புள்ள அண்ணி,

போன வாரம் உங்கள் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். மூடி துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. கரண்டிக் காம்பை விட்டு நெம்பித்தான் எடுத்தேன். முதலில் அந்துருண்டை வாசனை வந்தது, அதற்கடியில் ஈரத்துணியை மூட்டை கட்டி வைத்தது போல ஒரு பூசண வாடை. உள்ளே ஐந்து வீடியோ டேப்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைத் துண்டு ஒட்டி, உங்கள் நர்ஸ் கையெழுத்தில், மருந்துப் பாட்டிலுக்கு எழுதுவது மாதிரி நேராக எழுதியிருந்தீர்கள். கவி முதல் பிறந்தநாள். கேமரன்மலை. கோயில் திருவிழா. கல்யாணம் 1. கல்யாணம் 2.

நீங்கள் போய் இந்த மாதத்தோடு ஒரு வருடம். கோலாலம்பூரிலிருந்து உங்கள் மகள் கவிதான் போன் செய்து சொன்னாள்: "அத்தை, அம்மா திதிக்குள்ள அந்த டேப்பையெல்லாம் மாத்தி வச்சிடுங்க. இன்னும் விட்டா பூசணமே தின்னுடும்லா." வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இந்தக் குடும்பத்தின் எல்லா அலைச்சலும் என் தலையில்தான். சும்மாதானே இருக்கிறீர்கள் என்று கவி வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நான்கு டேப்பைப் பையில் போட்டேன். 'கல்யாணம் 1' கையிலேயே இருந்தது. அது வீணாய்ப் போன டேப் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எடுத்துப் போகாவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. விட்டுவிடலாமா என்று யோசித்தேன், அண்ணி. செத்துப்போனவரிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? யோசித்தேன். அப்புறம் அதையும் பையில் போட்டேன்.

உங்களுக்குத் தெரிந்த கதை இது. தெரியாத பாதியை இப்போதுதான் எழுதுகிறேன்.

நீங்கள் கோப்பெங் பக்கத்துத் தோட்டத்தில் எங்கள் வீட்டுக்கு வாழ வந்தபோது எனக்குப் பதினாறு வயது. சிலிம் ரிவரில் உங்கள் அப்பா ரப்பர் தோட்டத்துப் பால் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாணம் முடிந்து ஒன்பது மாதத்தில், ஒருநாள் லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவருடைய படம் என்று உங்களிடம் இருந்தது அடையாள அட்டைப் படமும், எல்லாரும் விறைத்துக்கொண்டு நிற்கும் கல்யாண குரூப் படமும்தான். நடக்கிற அப்பா, திரும்பிப் பார்க்கிற அப்பா அந்தக் கல்யாண டேப்பில் மட்டும்தான் இருந்தார்.

அந்த வருடம் உங்களுக்குத் தீபாவளி இல்லை. உங்கள் அம்மாவோடு இருக்க சிலிம் ரிவருக்குப் போய்விட்டீர்கள். அண்ணன் உங்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். தீபாவளி வாரம் என்றால் டிவியில் தினமும் ஒரு தமிழ்ப் படம். அண்ணன்தான் நம் வீட்டு ரெக்கார்டிங் மன்னர் ஆயிற்றே, அந்த வாரத்தில் மட்டும் மூன்று படம் பிடித்து வெற்று டேப் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டார். தீபாவளி அன்று மத்தியானம் நான் காத்திருந்த படம் வந்தபோது அவர் சிநேகிதர்களோடு வெளியே போயிருந்தார், டேப் ஒன்றுமில்லை. எனக்கோ பள்ளியிறுதி எஸ்.பி.எம். பரீட்சை நடந்துகொண்டிருந்தது. படம் பார்க்க உட்கார்ந்தால் அம்மா உதைப்பாள். பிடித்து வைத்துப் பரீட்சை முடிந்ததும் பார்ப்பது என்று திட்டம்.

அலமாரியில் கல்யாண டேப் இரண்டு இருந்தன. அப்போது அவற்றில் எண் எழுதியிருக்கவில்லை. இரண்டின் அட்டையிலும் ஒரே கல்யாணப் படம். ஒன்று அசல், ஒன்று காப்பி என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஒன்றில் தாலி கட்டு, மற்றதில் ராத்திரி விருந்து என்று எனக்கு யார் சொன்னார்கள்? டேப்பின் முதுகில் ஓரமாக ஒரு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்குமே, அதை உடைத்துவிட்டால் மேலே எதையும் பதிய முடியாது. வீடியோக்காரர் உடைத்துத்தான் கொடுத்திருந்தார். ஆனால் அந்த ஓட்டையின்மேல் செலோடேப் ஒட்டினால் மெஷின் ஏமாந்துவிடும் என்பது தோட்டத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஒட்டினேன். படத்தைப் பிடித்தேன். பிறகு செலோடேப்பை உரித்துவிட்டு டேப்பைப் பழைய இடத்திலேயே வைத்தேன்.

டிசம்பரில் உங்கள் அம்மா ஒரு வாரம் தங்க வந்தார். எனக்கு இன்னும் இரண்டு தாள் பாக்கி. "அம்மா, அப்பாவைப் பாக்கலாம் வாங்க" என்று நீங்கள் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து டேப்பைப் போட்டீர்கள். நான் தேநீர்த் தட்டோடு கதவருகில் நின்றேன். திரையில் ஒரு மோட்டார் சைக்கிள் மலைப்பாதையில் வந்தது, கதாநாயகன் பாடினான். உங்கள் அம்மா ஒன்றும் புரியாமல், "யாரு இது?" என்று கேட்டார்.

நீங்கள் அண்ணனைத்தான் பார்த்தீர்கள். "உங்களுக்கு வேற டேப்பே கெடைக்கலையா?" அவ்வளவுதான் கேட்டீர்கள், சத்தம்கூடப் போடவில்லை. அண்ணன் எழுந்து டேப்பை நிறுத்தி, ஒரேயடியாகக் கடைசிக்கு ஓட்டிப் போட்டுப் பார்த்தார். படம் முடிந்து வெறும் புள்ளி பறந்தது. "முழுசும் போச்சுலா" என்றார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. நான் தட்டை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்ப் புத்தகத்தைத் திறந்துகொண்டேன்.

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். பயம். மறுநாள் சொல்லியிருக்கலாம். அதற்குள் நீங்கள் அண்ணனோடு பேசுவதை நிறுத்தியிருந்தீர்கள். ஒரு மாதம் கழித்துப் பேச ஆரம்பித்தபோது, நல்லபடியாக முடிந்ததை எதற்குக் கிளற வேண்டும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். கோழை என்றால் அப்படி ஒரு கோழை.

ஆனால் அது முடியவில்லை. தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரியில் நீங்கள் நர்ஸ் வேலை பார்த்ததை வைத்து அண்ணன் கேலி செய்யும் போதெல்லாம், "உங்க வீட்டுல ஆளுக்கு ஒரு கட்டில் இப்பவே சொல்லி வச்சிருக்கேன், உங்களுக்குத்தான் மொத கட்டில். மாமனாரையே அழிச்சவரு" என்பீர்கள். எல்லாரும் சிரிப்பார்கள். கவி பிறந்த பிறகு, தோட்டத்தை விட்டு ஈப்போவுக்குக் குடிவந்த பிறகு, கவியின் கல்யாணத்தில்கூட அதைச் சொன்னீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொல்வீர்கள். உங்கள் கண் மட்டும் அதில் சேராது. நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன்.

வீடு மாறும்போது ஒருமுறை அந்த டேப்பைத் தூக்கிப் போடலாமே என்றேன். நீங்கள் என் கையிலிருந்து வாங்கி, "அழிஞ்சாலும் அப்பா இருந்த டேப்புதானே சாந்தி" என்று டின்னுக்குள் வைத்துக்கொண்டீர்கள்.

ஈப்போவில் இப்போது இந்த வேலை செய்பவர்கள் அதிகமில்லை. குணா என்று ஒருவர், முன்பு கல்யாண வீடியோ எடுத்தவர், வீட்டு முன்னறையில் நான்கு பழைய மெஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். டேப்பை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கறுப்பு நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளைப் பொடி. "பூசணம்க்கா. இப்படியே போட்டா மெஷினும் போயிடும், டேப்பும் அறுந்துடும்." டேப்பின் பிளாஸ்டிக் கூட்டைக் கழற்றி, நாடாவை மெல்லத் துணிக்கிடையில் ஓடவிட்டுத் துடைத்தார். பிறகு மெஷினில் போட்டால் கம்ப்யூட்டரில் ஏறும். ஆனால் டேப் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் ஓடித்தான் ஆகவேண்டும். அவசரப்படுத்தவே முடியாது.

முதல் நான்கும் ஒழுங்காக ஏறின. கவியின் பிறந்தநாளில் நீங்கள் என்னைக் கேக் வெட்டவிடாமல் கையில் அடிக்கிறீர்கள். மூன்றாம் நாள் கல்யாணம் 1. மோட்டார் சைக்கிள் மலைப்பாதையில் வந்தது.

குணா திரும்பிப் பார்த்தார். "அக்கா, கல்யாணம்னு எழுதியிருக்கு, படம்ல ஓடுது. படம்னா நான் அஞ்சு நிமிசத்துல நிப்பாட்டிடுவேன். நிப்பாட்டவா?"

"ஓடட்டும் அண்ணே."

"ரெண்டரை மணி நேரம்லா."

"ஓடட்டும். நான் இதை இன்னும் பாக்கல."

அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு நாற்காலி போட்டுக் கொடுத்தார். அத்தனை வருடம் கழித்து அந்தப் படத்தைப் பார்த்தேன், அண்ணி. படு திராபை. இதற்காகவா என்று இருந்தது.

அரைமணி நேரம் போயிருக்கும். கதாநாயகி கிணற்றடியில் கோபித்துக்கொண்டு திரும்பினாள். திரையில் ஒரு கோடு ஓடியது. அடுத்தது நாதஸ்வரம். வாசலில் உங்கள் அத்தை யாருக்கோ பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார். அரை நிமிடம். மறுபடியும் கிணற்றடி.

எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கியபோது நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். விளம்பரம்! அன்றைக்கு அறையில் படித்தபடியே, விளம்பரச் சத்தம் கேட்டபோதெல்லாம் ஓடிவந்து நான் ரெக்கார்டை நிறுத்தி, டேப்பைக் கொஞ்சம் முன்னால் ஓட்டிவிட்டுத்தான் திரும்ப அழுத்தினேன். முன்னால் ஓட்டினால் விளம்பரத்தைத் தாண்டிவிடலாம் என்று நினைத்த மேதாவி நான். டிவியில் வருகிற விளம்பரத்துக்கு டேப்பை ஓட்டி என்ன பயன்? ஓட்டிய இடத்திலெல்லாம் படம் பதியவே இல்லை. உங்கள் கல்யாணம் அப்படியே இருந்தது.

குணாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "என் வீட்டுக்காரியும் அப்படித்தான் செய்வா. எத்தனை விளம்பரம்க்கா?" எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். படத்தில் சண்டை வந்தால் வரட்டும், எப்போது விளம்பரம் வரும் என்று காத்திருந்தோம்.

இரண்டாவது இடைவெளியில் அண்ணன், கழுத்தில் மாலையோடு கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். மூன்றாவதில் மணவறை. நீங்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், ஐயர் நெய் விடுகிறார். இடப்பக்கத்திலிருந்து வெள்ளை வேட்டியில் ஒருவர் வருகிறார், உங்கள் பின்னால் குனிகிறார், நிமிர்கிறார், கேமராவைப் பார்த்துக் கூச்சத்தோடு சிரிக்கிறார், நகர்ந்துவிடுகிறார். உங்கள் அப்பா. உங்களுடைய அதே முன்பல். குணா எண்ணிப் பார்த்து, பதினொரு விநாடி என்றார். நான்காவது இடைவெளியில் வெறும் நாற்காலிகள். நான் குணாவின் முன்னறையில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அவர் மெஷினைத் துடைப்பதாகப் பேர்பண்ணிக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

திதி அன்று படையல் முடிந்து எல்லாரும் சாப்பிட்ட பிறகு கவி டிவியில் போட்டாள். பிறந்தநாள், கேமரன்மலை, எல்லாம் பார்த்துச் சிரித்தார்கள். "அடுத்தது கல்யாணம் 1," என்றாள் கவி. பிறகு உங்கள் குரலிலேயே, "அப்பாதான் தாத்தாவை அழிச்சவராச்சே" என்றாள். அண்ணன் வழக்கம்போலத் தலையைச் சொறிந்தார். நீங்கள் இல்லாத வீட்டிலும் அந்தப் பழி அவர்மேல்தான் உட்கார்ந்திருந்தது.

"அவர் இல்ல. நான்தான்," என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். செலோடேப், காப்பி என்று நினைத்தது, கதவருகில் தட்டோடு நின்றது. அண்ணன் என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அந்த வாரம் நான் மூணு படம் புடிச்சேன்லா," என்றார் மெதுவாக. "எதை எதுல புடிச்சேன்னு எனக்கே தெரியாது. நான்தான்னு நானே நம்பிட்டேன். அவகிட்ட எத்தனை தடவை மன்னிப்பு கேட்டிருப்பேன் தெரியுமா." பிறகு, "சரி, போடு பாப்போம்," என்றார் கவியிடம்.

மூன்றாவது இடைவெளியைக் கவி திரும்பத் திரும்ப மெதுவாக ஓட்டினாள். அவர் எதற்குக் குனிகிறார் என்று குணா வீட்டில் எனக்குத் தெரியவில்லை. பெரிய திரையில் அண்ணன்தான் முதலில் கண்டுபிடித்தார். "அந்தத் தலைப்பைப் பாரு."

உங்கள் கூறைப்புடவையின் தலைப்பு பின்னால் சரிந்து, அக்கினிக்கு ஒரு சாண் தூரத்தில் கிடக்கிறது. அவர் அதை இரண்டு விரலால் எடுத்து, உங்கள் மேல் படாமல் மடித்து, உங்கள் மடியோரம் வைத்துவிட்டுப் போகிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணனுக்கே அது தெரிந்திருக்கவில்லை.

இப்போது அது என் போனில் இருக்கிறது, கவியிடம் இருக்கிறது, இரண்டு பென்டிரைவில் இருக்கிறது. பூசணம் பிடிக்காது. ஆனால் அந்த டின் முப்பது வருடத்துக்கு மேல் உங்கள் கட்டிலுக்கடியில்தான் இருந்தது, அண்ணி. அன்றைக்கு நான் வாயைத் திறந்து, விளம்பரம் வந்தபோதெல்லாம் டேப்பை ஓட்டி ஓட்டி வைத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நீங்கள் நிச்சயம் முழுதும் உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள். உங்கள் அம்மாவும் பார்த்திருப்பார். டேப்பை அழித்ததை நீங்கள் மன்னித்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்ததை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு முகமில்லை.

நீங்கள் அப்போது தலை குனிந்திருந்தீர்கள். பின்னால் யார் வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் அப்பா வந்தார், அண்ணி. புடவை நெருப்பில் படாமல் எடுத்து வைத்துவிட்டுப் போனார்.

சாந்தி