பதினேழாம் பக்கம்

2022 ஏப்ரல் 19

இன்றும் நூலகத்தைத் திறந்தேன். பனாஸ் அண்ணனைத் தவிர ஒருவரும் வரவில்லை. எதிரி ராணுவம் ஊருக்குள் நுழைந்து இரண்டு மாதமாகப் போகிறது. ரொட்டி வரிசையில் நின்று கால் கடுத்தவர்கள் புத்தகத்துக்கு எங்கே வரப் போகிறார்கள்? அண்ணன் லாரி ஓட்டியவர். மனைவி போனபின் அவருக்குப் புத்தகம்தான் எல்லாம். ஒன்றைக்கூட தேதிக்குள் திருப்பித் தந்ததில்லை.

"அண்ணா, அபராதம் கட்டுங்க."

"எந்தப் பணத்துல கட்டட்டும் ஒரிசியா? நம்ம பணமா, அவங்க பணமா?"

சத்தமாகச் சிரித்துவிட்டோம். வாசலில் நின்ற சிப்பாய் எட்டிப் பார்த்தான்.

மே 6

தலைமை நூலகர் ஆற்றைக் கடந்து ஓடிவிட்டார். அந்த நாற்காலியில் நெல்யாவை உட்காரவைத்துவிட்டார்கள். நூலகப் படிப்பில் என்னோடு ஒரே விடுதி அறையில் இருந்தவள். என் கல்யாணத்தில் தோழிப்பெண்ணாக நின்றவள்.

"யாராவது ஒருத்தி உட்காரத்தானே வேணும்? நான் உட்கார்ந்தா உன்னையாவது காப்பாத்தலாம்" என்றாள்.

என்னை எதிலிருந்து காப்பாற்றப் போகிறாள் என்று கேட்டேன். கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். கோட்டு புதிது.

மே 23

உத்தரவு வந்தாயிற்று. உக்ரைன் வரலாறு முழுவதும் வெளியே போக வேண்டும். உக்ரைன் மொழியில் இருக்கும் கதைகளும்தான். எல்லாவற்றையும் பின்கட்டில் குவிக்க வேண்டுமாம், பிறகு "ஏற்பாடு செய்யப்படும்" என்று எழுதியிருக்கிறது. கூட்டிக்கொண்டு போகிற மனிதர்களைப் பற்றியும் இவர்கள் இதே சொல்லைத்தான் எழுதுகிறார்கள்.

சின்னப் பிள்ளைகளின் பறவைப் புத்தகம் ஒன்றையும் ஒரு சிப்பாய் குவியலில் வீசினான். அட்டையில் நாரை.

"ஏம்ப்பா, இந்த நாரை யாரைச் சுட்டுச்சு?"

"நாரை பேசற மொழி சரியில்ல" என்றான், கொட்டாவி விட்டுக்கொண்டே.

மே 25

குவியலிலிருந்து எடுத்தால் யாருக்குத் தெரியும்?

ஜூன் 3

தெரியவில்லை, இதுவரை. சந்தைக்குப் போகும் கிழவிகள் இழுக்கிற இரண்டு சக்கர வண்டிதான். அடியில் புத்தகம், மேலே வெள்ளரிக்காய். சோதனைச் சாவடியில் நின்றவன் இரண்டு வெள்ளரிக்காயை எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டான். பனாஸ் அண்ணன் வீட்டு நிலவறையில், ஊறுகாய்த் தக்காளி ஜாடிகளுக்குப் பின்னால் அடுக்குகிறோம்.

"தக்காளியும் வரலாறும் பக்கத்துல பக்கத்துல. நல்லா ஊறட்டும்" என்கிறார் அண்ணன். பயமே இல்லை மனிதருக்கு. எனக்கு இருக்கிறது.

நூலக அடையாளம் தெரியக் கூடாது என்று எண்களைச் சுரண்டினேன். முத்திரை உள்ள முதல் பக்கத்தைக் கிழித்தேன். மிச்சம் இருப்பது பதினேழாம் பக்கம். முதல் பக்கத்தைத்தான் எந்தத் திருடனும் கிழிப்பான் என்று, எங்கள் நூலகங்களில் பதினேழிலும் ஒரு முத்திரை குத்துவது காலகாலமான வழக்கம். எங்களைத் தவிர யாரும் அதைத் தேடமாட்டார்கள்.

அந்தப் பக்கத்தில் பிளேடை வைத்தேன். எடுத்துவிட்டேன். கதை நடுவில் ஓட்டை போட்டுவிட்டு அதை எதற்கு ஒளித்துவைக்க வேண்டும்? சிப்பாய்களுக்குப் பதினேழைப் பற்றி என்ன தெரியும்? விட்டுவிட்டேன்.

ஜூலை 14

அண்ணன் வீட்டில் சோதனை. வேட்டைத் துப்பாக்கி தேடி வந்தார்களாம், புத்தகங்கள் கிடைத்தன. "எல்லாம் என் சொந்தம், நான் வாங்கினது" என்று சொன்னாராம். பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னாள். சொந்தப் புத்தகம் என்றால் நாலு அறை கொடுத்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். அந்தத் தெருவிலேயே அப்படி நடந்திருக்கிறது. விட்டுவிடுவார்கள். விட்டுவிடுவார்கள்தானே?

ஜூலை 15

புத்தகங்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டு நூலகத்துக்கே வந்தார்கள். நடுவில் அண்ணன், உதடு கிழிந்து, ஒரு காலில் செருப்பு இல்லாமல். அதிகாரி ஒரு புத்தகத்தை எடுத்து நெல்யாவிடம் நீட்டினான்.

"இது உங்க நூலகத்துதா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். தெரியவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். அவள் கை நேராகப் பதினேழுக்குப் போனது. புரட்டவில்லை, தேடவில்லை. திறந்தாள், நீல முத்திரை. அவளே அதை வெறித்துப் பார்த்தாள். அதிகாரியும் பார்த்துவிட்டான்.

"எடுத்துக் கொடுத்தது யாரு?"

நான் அலமாரிக்குப் பக்கத்தில்தான் நின்றேன்.

"யாரும் கொடுக்கல" என்றார் அண்ணன். "ஜன்னல் வழியா நானேதான் தூக்கிட்டுப் போனேன். இந்தப் பொம்பளைங்களுக்கு என்ன தெரியும்? கட்டடத்தையே தூக்கிட்டுப் போனாலும் தெரியாது."

என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆமா, திருட்டுதான்" என்றாள் நெல்யா.

கொண்டுபோய்விட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை. ஒரு வார்த்தை வரலையே எனக்கு!

ஜூலை 16

"வேணும்னு பண்ணல ஒரிசியா. கை தானா போயிடுச்சு" என்றாள் நெல்யா.

நான் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"திருட்டுன்னு நான் சொன்னதாலதான் நீ இங்க நிக்கறே. ஒரு நன்றி கெடையாதா?"

கை தானாகப் போயிருக்கலாம். எந்தப் புத்தகம் கிடைத்தாலும் என் கையும் முதலில் அங்கேதான் போகும். அதனால் அவளை வெறுக்க முடியாது என்று எழுத நினைத்தேன். பொய். வெறுக்கிறேன். பிளேடை எடுத்துவிட்ட என் கையையும் சேர்த்துத்தான்.

ஜூலை 29

காவல் கட்டடத்துக்குப் பொட்டலம் கொண்டுபோனேன். காலுறை, ரொட்டி, உப்புப் போட்ட பன்றிக் கொழுப்பு. காவலாளி கொழுப்பை என் கண்ணெதிரே வெட்டித் தின்றான்.

"அவனுக்கு எதுக்கு இது? பல்லு இல்லாத ஆளுக்கு?"

அண்ணனுக்குப் பல் இருந்தது.

ஆகஸ்ட் 8

நாளை போய்ச் சொல்லிவிடுவேன். நான்தான் என்று.

ஆகஸ்ட் 9

போகவில்லை.

செப்டம்பர் 12

லாரியில் புதுப் புத்தகங்கள் வந்தன, புது முத்திரையும். நெல்யா என்னை உட்காரவைத்துக் குத்தச் சொன்னாள். முதல் பக்கம், பதினேழாம் பக்கம். முதல் பக்கம், பதினேழாம் பக்கம். கோணலாகவாவது குத்தித் தொலைத்திருக்கலாம். அதற்கும் கை வரவில்லை. எல்லாம் நேர்த்தியாக விழுந்தன. "உன் கை உன் கைதான்" என்று பாராட்டிவிட்டுப் போனாள்.

அக்டோபர் 17

பனாஸ் அண்ணனை வெளியே விட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு அல்ல. குளிர் தொடங்கிவிட்டது, நூலகத்தைச் சூடேற்றும் கொதிகலனுக்குத் தீ போட ஆள் வேண்டுமாம். யாரைப் போடுவது என்று யோசித்து யோசித்து அவரைப் போட்டிருக்கிறார்கள். அதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னான். "புத்தகம்னா உசுராமே இவனுக்கு."

நிலக்கரி வரவில்லை. வரவும் வராது. பின்கட்டுக் குவியல்தான்.

அக்டோபர் 21

நான்கு நாளாக அவர் முற்றத்தைக் கடந்து கீழே கொதிகலன் அறைக்குப் போவதை ஜன்னலில் பார்க்கிறேன். இன்றைக்குத் தேநீர் எடுத்துக்கொண்டு இறங்கினேன். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். தோள் பாதியாகிவிட்டது. ஒன்றை எடுத்தார். திறந்து பார்க்கவில்லை. அடுப்புக்குள் போட்டார். அடுத்ததை எடுத்தார். பக்கத்தில் ஒரு காவல் சிப்பாய் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா" என்றேன். "அன்னைக்கு நான்..."

அவர் திரும்பவில்லை. பல் இல்லாத வாயிலிருந்து வார்த்தை காற்றாக வந்தது.

"மேல சூடு வருதா ஒரிசியா?"

"வருதுண்ணா."

மேலே ஏறி வந்துவிட்டேன். வருகிறது. இதை எழுதும்போதும் முதுகை அந்தச் சூடு ஏறி வரும் குழாயில்தான் சாய்த்துக்கொண்டிருக்கிறேன்.